சூடேறினால் நிற்கும் வண்டி

மார்ச் 6

அன்புள்ள திருகாணிக்கு,

நானும் உன் அத்தானும் நலம். வண்டிதான் நலமில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை முயன்றேன். உன் பட்டறை மெஷின் சத்தத்தில் நான் "ரோட்டர்" என்றால் நீ "எந்த மோட்டார்?" என்கிறாய். எழுதினால் இரைச்சல் இல்லை. நீயும் குறுக்கே பேச முடியாது.

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியின் மேல் உன் பட்டறைப் பெயர் அச்சாகியிருந்ததைப் பார்த்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பிரிக்காமலே வைத்திருந்தோம். வீட்டில் கண்ணில் பட்ட திருகாணியை எல்லாம் கழற்றிப் பாயில் பரப்பிவைத்து அடி வாங்கிய பிள்ளை, இன்று சொந்தமாகக் கார் பாகம் செய்து உறை போட்டு விற்கிறது. அம்மா இருந்திருந்தால் அந்தப் பெட்டியைத் தெருவுக்கே காட்டியிருப்பாள்.

பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துவிடும் டப்பாவில் பாயிண்ட், கண்டென்சர், மூடி, ரோட்டர் நான்கையும் ஒரே நாளில் மாற்றினேன். உன் அத்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. போன வருடம் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பேச்சும் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வருகிறது. நான் ஸ்குருவை முறுக்கும்போதெல்லாம் "மெதுவா" என்றார். அந்த ஒரு வார்த்தை மட்டும் இப்போது சுத்தமாக வருகிறது, அவ்வளவு பயிற்சி.

முதல் தடவையே ஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்தப் பழைய காரின் துணிக்கூரையை மடித்துவிட்டு ஏரிக்கரைச் சாலை வரை போனோம். கொஞ்ச தூரம் நன்றாக ஓடியது. பிறகு யாரோ சாவியைத் திருப்பிவிட்ட மாதிரி பட்டென்று நின்றது. இருமல் இல்லை, திணறல் இல்லை. நல்ல வெயில். நான் இறங்கி நிற்க முடியும், அவரால் முடியாது. ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரமாகத் தள்ளிக் கொடுத்தார். "ஏம்மா, இந்தப் பொம்மைக் காரை எதுக்கு ரோட்டுக்குக் கொண்டு வர்றீங்க?" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் உன் அத்தான், "பொம்மை... இல்ல" என்றார். லாரிக்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

ஆறியதும் தானாக ஸ்டார்ட் ஆனது. வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி நின்றது. அடுத்த வாரமும் இதே கதை.

நான் எதைத் தப்பாக மாட்டியிருக்கிறேன் என்று சொல். வாரம் ஒரு தடவை அந்த வண்டியில் சுற்றுவதுதான் அவருக்கு மருந்து. மற்ற நாளெல்லாம் அந்த நாளுக்காகத்தான் மாத்திரை விழுங்குகிறார்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீ ஒரு தடவைகூட எட்டிப்பார்க்கவில்லை. வேலை அதிகம் என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 14

என் அன்பு அக்காவுக்கு,

கடிதத்தைப் பட்டறையிலேயே உரக்கப் படித்தேன். லாரிக்காரர் வந்த இடத்தில் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தானிடம் சொல், அவருக்கு இங்கே ஒரு ரசிகர் மன்றமே இருக்கிறது.

இப்போது வைத்தியம். சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல். அது நான் செய்வதில்லை, வெளியில் வாங்கிப் போடுகிறேன். இரண்டாவது, பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயில். மூன்றாவது, பெட்ரோல் குழாய் என்ஜினுக்குப் பக்கத்தில் போகிறதா பார். வெயிலில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். நாலாவது, ரோட்டருக்குக் கீழே பாயிண்டுக்கு வரும் சின்னக் கம்பி. அது உள்ளே அறுந்திருந்தால் வெளியே தெரியாது. இந்த நாலில் ஒன்றுதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது திருடன் என்று எப்படித் தெரியும்? எனக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தபோது "ஒவ்வொரு கணக்கா போடுடா" என்று குட்டியது யார்?

மூடியும் ரோட்டரும் நம் பட்டறைச் சரக்கு. அவற்றைப் பற்றிக் கவலைப்படாதே. ரோட்டருக்கான அச்சை நானே கடைந்தேன். பெரிய கம்பெனியில் அத்தனை வருடம் மற்றவர் பெயரில் அச்சு செய்தவன், முதல்முதலாக என் பெயரில் செய்தது. பழைய ரோட்டரில் பித்தளைத் தகடு ஆடுகிறது என்று ஒரு குறை உண்டு. நம்முடையதில் ஆடவே ஆடாது, நீளமான ஆணி போட்டு இறுக்கியிருக்கிறேன்.

நல்ல செய்தி ஒன்று. உங்கள் ஊர் பழைய கார் சங்கத்துக்குச் சரக்குப் போடும் டீலர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் பெரிய ஆர்டர் கொடுத்திருக்கிறார். ஏற்கெனவே வாங்கிய கொஞ்சமும் விற்றுப்போயிற்றாம். அடுத்த மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் ராப்பகலாக ஓடுகிறோம். அனுப்பியதும் அத்தானைப் பார்க்க வருகிறேன். சத்தியமாக.

குட்டி தன் சைக்கிளின் பெல்லைக் கழற்றிவிட்டாள். ரத்தம் பேசுகிறது.

உன் தம்பி


மார்ச் 29

அன்புள்ள திருகாணிக்கு,

குட்டிக்கு என் ஆசி. கழற்றட்டும். திரும்ப மாட்டவும் கற்றுக்கொடு, உனக்கு அந்தப் பாதி வர ரொம்ப நாள் ஆயிற்று.

நீ சொன்னபடி ஒவ்வொரு கணக்காகப் போட்டேன். முதலில் பழைய கண்டென்சரை மாட்டினேன். ஏரிக்கரையில் நின்றது. பிறகு சங்கத்தில் பல் டாக்டரம்மாவிடம் காயிலைக் கடன் வாங்கினேன். (அவளிடமும் நம்முடையது போலவே சிவப்பு வண்டி. பல்லைப் பார்ப்பதைவிட கார்புரேட்டரை அதிக ஆசையாகப் பார்ப்பாள்.) காயிலை மாற்றியும் நின்றது. பெட்ரோல் குழாயைத் தள்ளி வைத்தேன். நின்றது. சின்னக் கம்பியை இழுத்துப் பார்த்து, புதிது போட்டேன். நின்றது. ஒவ்வொரு தடவையும் ஏரிக்கரை. அங்கே மீன் பிடிப்பவர்களுக்கு நாங்கள் பழகிவிட்டோம். "இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டீங்களே" என்கிறார்கள்.

கடைசியில், வேறு வழி இல்லாமல், பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்த பழைய ரோட்டரை மாட்டினேன். ஏரியைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, மலையடிவாரம் வரை போய் நிற்காமல் திரும்பினோம். உன் அத்தான் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் "ம்" என்றார். அவ்வளவு திருப்தி.

மறுநாள் உன் ரோட்டரை மாட்டினேன். நின்றது.

இத்தோடு விட்டிருக்கலாம். எக்ஸ்ரே அறையில் இத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு நிழலைப் பார்த்தால் எலும்பைத் தேடும் புத்தி. வண்டி நின்ற சூட்டிலேயே மூடியைக் கழற்றினேன். காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, ரோட்டரின் பித்தளைக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்தேன். இன்னொரு கையில் மரக்குச்சியால் பாயிண்டைத் தட்டினேன். ரோட்டர் நல்லதாக இருந்தால் மின்சாரம் போக வழியில்லாமல் சும்மா இருக்க வேண்டும், இல்லையா? டிக்கென்று நீலமாக ஒரு பொறி பாய்ந்தது. மறுபடி தட்டினேன், மறுபடி பாய்ந்தது. ரோட்டரைத் துளைத்துக்கொண்டு கீழே தண்டுக்கு இறங்குகிறது. பழைய ரோட்டரை வைத்துத் தட்டினேன். அமைதி.

நான் பார்ப்பதற்கு முன்னாலேயே உன் அத்தான் சத்தத்தைக் கேட்டுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார்.

அந்த ரோட்டரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்று மட்டும் கெட்டுப்போயிருக்கலாம். நீ ஒரு தடவை சூடாக்கிப் பார்த்துவிடு கண்ணா.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

நூற்றில் ஒன்று கெடும். பெரிய கம்பெனியிலும் கெடும். வேறு மூன்று அனுப்பியிருக்கிறேன், நானே பொறுக்கி எடுத்தவை. இவற்றில் எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்.

நீ அனுப்பியதை மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் காட்டவில்லை.

ஒரு வேண்டுகோள். இதைச் சங்கத்தில் யாரிடமும் பேசாதே. பல் டாக்டரம்மாவிடம்கூட. டீலர் காதுக்குப் போனால் சரக்கு எடுக்கமாட்டார். இரண்டு பையன்களை நம்பி வேலைக்கு வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் சின்னதாக இருந்தது. கோபமா, வேலையா என்று தெரியாமல் இரண்டு தடவை படித்தேன்.

மீட்டரில் இருப்பது சின்ன பேட்டரி. காயிலிலிருந்து பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட். பூனை நுழையாத சந்திலும் எறும்பு நுழையும். மீட்டர் காட்டாததால் வழி இல்லை என்று ஆகிவிடாது. இது எனக்குத் தெரிந்து உனக்குத் தெரியாமல் இல்லை.

மூன்றையும் சோதித்தேன். ஹேர் டிரையரால் தொட முடியாத அளவுக்குச் சூடாக்கி, அதே குறடு, அதே குச்சி. இரண்டில் பொறி பாய்ந்தது. ஒன்று தாங்கியது.

அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலைக்குப் போகும்போது பழைய ரோட்டரையும் உன்னுடையதையும் கைப்பையில் எடுத்துப் போனேன். மதியம் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எக்ஸ்ரே எடுத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் டாக்டர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். "என்னம்மா இது, யாரோட கால்விரல்?" என்றார். மறைக்கத் தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "தபால்காரர் மாதிரி சார் இது. என்ஜினுக்குள்ள சுத்திச் சுத்தி வந்து ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும். இந்தத் தபால்காரர் வழியிலேயே தபாலைக் கீழ போட்டுடறார்." டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வழக்கமாக நோயாளிக்குச் சொல்கிற அதே குரலில், "ஆணி நீளமா இருக்கே. கீழே சதையே இல்லையே" என்றார்.

அவர் சொன்னதுதான். படத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார். இடப்பக்கம் பழையது. பித்தளை ஆணி சின்னதாக நின்றுவிடுகிறது, அதற்கும் தண்டு நுழையும் துளைக்கும் நடுவில் நல்ல இடைவெளி. வலப்பக்கம் உன்னுடையது. ஆணி துளையின் தலையைத் தொடாத குறை. நடுவில் ஒரு நகத்தின் கனம்தான் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கும் பழையதைவிட மைக்கறுப்பு. அதில் கரி அதிகமோ என்று எனக்குச் சந்தேகம். கரி இருந்தால் மின்சாரத்துக்குக் கொண்டாட்டம். அது எக்ஸ்ரேயில் தெரியாது, உனக்குத்தான் தெரியும்.

தகடு ஆடக்கூடாது என்று நினைத்துத்தான் நீளமான ஆணி போட்டாய். நல்லது செய்யப் போய் இப்படி ஆகியிருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாதக் கடைசியில் அந்தச் சரக்கை அனுப்பாதே. ஏற்கெனவே விற்றதையும் திருப்பி வாங்கிவிடு. கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் மனைவியைப் பேசச் சொல். ரொம்ப நாளாகிவிட்டது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

சரக்கு நேற்று போய்விட்டது. உன் கடிதம் அதற்கு முன்பே வந்தது. வந்த பிறகுதான் அனுப்பினேன். ஒளிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பார்த்தேன். நீ ரோட்டரை எக்ஸ்ரே எடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். என்னைப் படுக்க வைத்து எடுத்திருக்கிறாய். அதையும் உன் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டி, இரண்டு பேரும் சிரித்திருக்கிறீர்கள்.

சின்ன வயதிலிருந்து இதுதான். நான் எதைச் செய்து கொண்டுவந்தாலும் நீ முதலில் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாய். ஒரு தடவையாவது முன்பக்கத்தைப் பார்த்து "நல்லாயிருக்குடா" என்று சொல்லியிருக்கிறாயா? அத்தான் சொல்லியிருக்கிறார். கம்பெனியை விட்டுவிட்டு வருகிறேன் என்றபோது வீட்டில் எல்லாரும் என்னைப் பைத்தியக்காரன் என்றார்கள். "நீ செய்டா, உன் கை பொய் சொல்லாது" என்றவர் அவர் ஒருத்தர்தான். இன்றைக்கு அவர் வாய் நன்றாக இருந்திருந்தால் உன்னைப் பேசவிட்டிருக்கமாட்டார்.

பழைய கார் என்றால் நிற்கத்தான் செய்யும். அதற்கு ஆயிரம் காரணம். யாரும் இதுவரை என்னிடம் குறை சொல்லவில்லை. உன்னைத் தவிர.

திருப்பி வாங்கு என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். திருப்பி வாங்கினால் பட்டறையை இழுத்து மூட வேண்டும். அது உனக்கு ஒரு வரி.

தம்பி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்து, கிழித்துப்போட்டேன். நீ சொன்னதில் ஒன்று உண்மை. நான் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பெட்டியில் உன் பட்டறைப் பெயரைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதினேன். அது உனக்கு நினைவில் நிற்கவில்லை. போகட்டும்.

இன்று எழுதுவது வேறு விஷயம்.

நேற்றுக் காலை ஒரு நோயாளியை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது மணிக்கட்டு வீங்கி, கை தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் நம் பல் டாக்டரம்மா. என்னைப் பார்த்ததும் வலியோடு சிரித்தாள்.

"வண்டி பாலத்து மேல நின்னுபோச்சு. சட்டுனு. ஓரம் கட்டக்கூட முடியல. பின்னால வந்த வேன்காரன் பிரேக் போட்டான், ஆனா நிக்கல."

நான் அவள் கையைத் தகட்டின் மேல் வைத்துக்கொண்டிருந்தேன். மெதுவாகத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் உயிர் போகும் வலி. வேறு எதையாவது பேசியிருக்கலாம். கேட்டுவிட்டேன். "புதுசா ஏதாவது மாத்தினீங்களா?"

"போன வாரம்தான் ரோட்டரும் மூடியும் புதுசு போட்டேன். உங்க தம்பி பட்டறைச் சரக்குதான். உங்க பேரைச் சொல்லித்தான் கேட்டு வாங்கினேன்."

நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் பட்டனை அழுத்தினேன். இரண்டு இடத்தில் முறிவு. பல் பிடுங்குகிற கை. கட்டுப் பிரித்தாலும் பழைய பிடி வருமா என்று எங்கள் டாக்டரால் சொல்ல முடியவில்லை.

தம்பி, எனக்குத் தெரிந்திருந்தது. அவளிடம் சொல்லாதே என்று நீ எழுதினாய், நான் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் இதில் பங்கு உண்டு. என் பங்கை நான் அவளிடம் சொல்லிவிட்டேன், கட்டுப் போட்டு முடித்த பிறகு. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் எல்லாம் சொன்னேன். உன் கடிதத்தையும் முழுசாகப் படித்துக் காட்டினேன், அவரைப் பற்றி எழுதிய இடம் உட்பட. அவர் கண்ணில் நீர் வந்தது. சங்கத்துச் செய்தி இதழில் எழுதப் போகிறேன், வேண்டாம் என்றால் சொல்லுங்கள் என்றேன். ரொம்ப நேரம் வார்த்தையைத் தேடினார். இடது கையால் என் கையைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "அவன்கிட்ட... முதல்ல... சொல்லு."

அதனால் முதலில் உன்னிடம் சொல்கிறேன். இந்த மாதம் இருபதாம் தேதி இதழ் அச்சுக்குப் போகிறது. நீயே நாலு வரி எழுதி அனுப்பு, உன் சரக்கை யாரும் மாட்ட வேண்டாம், திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று. உன் கடிதமே வரட்டும், என்னுடையது வேண்டாம். அதுதான் எனக்கும் ஆசை. வராவிட்டால் நான் எழுதுவேன்.

அக்கா


மே 21

தம்பிக்கு,

தினமும் தபால் பெட்டியைப் பார்த்தேன். உன் மனைவிக்குப் போன் செய்தேன். "அவர் பேசமாட்டேங்கிறார் அண்ணி, என்கிட்டயும்தான்" என்று சொல்லி அழுதாள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். படத்தையும் கொடுத்தேன். சோதிக்கும் முறையை எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதினேன். உன் பட்டறைப் பெயரையும் எழுதினேன். அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன்? வேறு யாரைப் பற்றியாவது இப்படி எழுத வேண்டிவந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

இந்த ரோட்டரைச் செய்தவன் என் தம்பி என்பதையும் எழுதியிருக்கிறேன். நான் ஒளித்துக்கொள்ளவில்லை.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

போன இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

உன் அத்தானுக்குப் பேச்சு கொஞ்சம் தேறியிருக்கிறது. இப்போது இரண்டு வார்த்தை சேர்ந்து வருகிறது. பேப்பர்க்காரனிடம் "நேத்து வரல" என்று சண்டை போட்டார். பழைய ரோட்டரை வைத்து வண்டி ஓடுகிறது. ஏரிக்கரையில் நிற்காமல் போவதால் மீன்பிடிப்பவர்கள் கையைக் காட்டுகிறார்கள்.

நேற்று பல் டாக்டரம்மாவுக்குக் கட்டுப் பிரித்தோம். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பிறகு சாதாரணமாக, "உங்க தம்பி நல்ல மனுஷன்தான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாரே. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியும் என்று தலையாட்டினேன்.

நீ இந்த ஊருக்கு வந்திருக்கிறாய். அவள் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறாய். அங்கிருந்து எங்கள் வீடு நடக்கிற தூரம். வரவில்லை.

நான் அவளிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவள் வீட்டில் நீ என்ன பேசினாய் என்பது எனக்கு வேண்டாம். உன் அத்தானிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். வாரம் ஒரு தடவையாவது வாசலைப் பார்த்து "தம்பி?" என்று கேட்கிறார். வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நிறைய எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கக்கூடாது என்று தபால்நிலையத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா இவர்களுடையது, நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பாலத்தைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்த அன்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். நாலு வரி எழுதச் சொன்னாய். எழுத முடியவில்லை. எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தது. இதழ் வந்த பிறகுதான், பையன்கள் சாப்பிடப் போனபோது, உன் முறைப்படி செய்து பார்த்தேன். அடுப்பில் சூடாக்கி, குறடு, குச்சி. பொறி பாய்ந்தது. பெட்டியிலிருந்து இன்னொன்று எடுத்தேன். பாய்ந்தது. ஒன்று தாங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்தது பாய்ந்தது. பையன்கள் திரும்பிவந்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் நிறுத்தாமல் பெட்டியைக் காலி செய்தேன்.

கரி விஷயத்திலும் நீ சொன்னதுதான். பிளாஸ்டிக் மூட்டை தருகிறவர் நடுவில் வேறு ரகம் கொடுத்தார். கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று போட்டேன். என்னவென்று கேட்கவில்லை.

டீலர் தன்னிடம் இருந்ததைத் திருப்பிவிட்டார். வாங்கிப்போனவர்களின் முகவரி கேட்டு ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே போனேன். சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர் கழற்றமாட்டேன், நன்றாகத்தான் ஓடுகிறது என்று அடம்பிடித்தார். அவர் வண்டியிலேயே சூடாக்கிக் காட்டிக் கழற்றி வாங்கினேன். பட்டறை இப்போது பூட்டியிருக்கிறது. பையன்களை ஒரு தெரிந்த இடத்தில் சேர்த்துவிட்டேன். நானும் வேறொருவரிடம் அச்சு கடைகிறேன். மனைவி மறுபடி பேசுகிறாள். அது போதும் இப்போதைக்கு.

நான் டாக்டரம்மா வீட்டுக்கு வந்தது உண்மை. மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் கதவைத் திறந்ததும் கையில் ஊறுகாய் பாட்டிலை நீட்டி, "நீங்க யாரா இருந்தாலும் சரி, முதல்ல இதைத் திறந்து குடுங்க" என்றார். திறந்து கொடுத்தேன். அதன் பிறகு ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. நான்தான் அது என்று மட்டும் சொன்னேன். உட்காரச் சொன்னார்.

அங்கிருந்து உன் தெருவுக்கும் வந்தேன். அது அவருக்கும் தெரியாது. முனையில் இருக்கும் தையல்கடை நிழலில் நின்றேன். வண்டி வாசலில் நின்றது. நீ என்ஜின் மூடியைத் திறந்து குனிந்திருந்தாய். அத்தான் உள்ளே உட்கார்ந்திருந்தார். நீ என்னவோ கேட்டாய், அவர் இடது கையை ஆட்டினார், நீ நிமிர்ந்து சிரித்தாய். தலை ரொம்ப நரைத்துவிட்டது அக்கா உனக்கு. நான் கூப்பிட்டிருக்கலாம். அத்தனை கிட்டத்தில் இருந்தேன். பஸ் ஏறிவிட்டேன்.

நீ செய்தது சரி. எனக்கு அதில் ஒரு துளி சந்தேகம் இல்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் செய்யத் துணிந்திருப்பேனா என்று தெரியாது. ஆனால் உன் மேல் கோபம் போகவில்லை. காலையில் போய்விட்ட மாதிரி இருக்கிறது. பூட்டிய பட்டறையைத் தாண்டிப் போகும்போது வந்துவிடுகிறது. இதைச் சொல்லாமல் வந்து உன் வீட்டில் உட்கார்ந்து சிரிக்க என்னால் முடியாது. உனக்குக் கண்டுபிடிக்க நிமிஷம் ஆகாது.

அத்தானிடம் பொய் சொல்லாதே. வேலை அதிகம் என்று சொல்லாதே. தம்பிக்குக் கோபம், தீர்ந்ததும் வருவான் என்று சொல். அவருக்குப் புரியும்.

நீ எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே. நான் பதில் போடாவிட்டாலும் எழுது. எல்லாவற்றையும் படிக்கிறேன்.

உன் தம்பி